சொந்தத்துக்குச் சம்பளமா?

வாங்க வாங்க, உள்ள வாங்க. செருப்பை மட்டும் வெளியவே விட்டுருங்க. தப்பா நினைக்காதீங்க, தெரு மண்ணு வீட்டுக்குள்ள வந்தா எனக்கு ஆகாது. உக்காருங்க, ஃபேனைப் போடுறேன். பையன் கீழ வண்டியிலயே நிக்கிறாரா? நிக்கட்டும், நிக்கட்டும். அவரை வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சில்ல இது.

நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம் அக்கா. மாரிக்கனி விஷயமா வந்திருக்கோம்னு வாசல்ல சொன்னீங்கள்ல, அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. விசாரிக்க வந்திருக்கீங்க. வரத்தான் வேணும். பொண்ணு எடுக்கிறவங்க நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் எடுக்கணும். ஆறு வருஷம் இருந்த வீட்டுல விசாரிக்காம வேற எங்க போய் விசாரிக்கிறது? பை இருக்கட்டும் அக்கா, பழமெல்லாம் அப்புறம் குடுக்கலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

ஒன்னு மட்டும் சொல்லிடுறேன். நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசுறவ இல்ல. இந்தக் காம்பவுண்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, திலகவதின்னா அடுத்தவங்க வம்புக்குப் போகாதவன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு பையனோட வாழ்க்கை பாருங்க. நான் மறைச்சா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா?

மாரிக்கனி எங்களுக்கு வெளியாளு இல்ல. என் வீட்டுக்காரருக்கு ஒன்னுவிட்ட அண்ணன் மக. அந்த அண்ணன் செத்துப்போய், அவரு பொண்டாட்டி வேலம்மா, என் வீட்டுக்காரர் முறையில நானும் மதினின்னுதான் கூப்பிடுவேன், இவளை வெச்சுக்கிட்டு சங்கரன்கோவில் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துலதான் எனக்கு ரெட்டைப் பிள்ளை பிறக்குது. கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு, எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கிப் பிறந்த பிள்ளைங்க. பேங்க்ல ஆறு மாசத்துக்கு மேல லீவு தர மாட்டேன்னுட்டான். நான் நகைக்கடன் செக்‌ஷன். காலைல போனதும் அன்னைக்குப் பவுன் விலையை போர்டுல எழுதுறதே நான்தான், என்னை விட்டா அங்க ஒரு வேலை ஓடாது. அப்ப பிள்ளைங்களை யாரு பாப்பா? ஊர்ல இருந்து இவளைக் கூட்டிட்டு வந்தோம். வயசு பத்தொம்போது. ஒரே ஒரு கட்டைப் பையோட வந்து நின்னா.

வேலம்மா மதினி தயங்கித் தயங்கி, "மாசத்துக்கு எதாச்சும்..."னு இழுத்தாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. நான் கேட்டேன், "மதினி, சொந்தத்துக்குச் சம்பளமா? சம்பளம்னு ஒரு வார்த்தை நடுவுல வந்துட்டா அப்புறம் அவ எங்களுக்கு மக இல்ல, வேலைக்காரி. அந்த அசிங்கம் நமக்கு வேண்டாம். இவ கல்யாணத்தை நாங்க பாத்துக்கிறோம். பத்து பவுன் போட்டு, எங்க கையாலயே அனுப்பி வைக்கிறோம்"னு சொன்னேன். மதினி அழுதுட்டாங்க. கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பெரிய மாமா, எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா, அவரும் கூட இருந்தாரு. "இந்தக் காலத்துல யாருத்தா இப்படிச் சொல்லுவா"ன்னாரு. நான் எதுக்குச் சொல்றேன்னா, எங்க மனசு எப்பேர்ப்பட்ட மனசுன்னு உங்களுக்குத் தெரியணும்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. அதையும் சொல்லணும்ல, நியாயம்னு ஒன்னு இருக்குல்ல. எனக்கு வாந்தின்னா ஆகாது அக்கா. பாத்தாலே எனக்கும் வந்துடும். ரெட்டையில பையன், தர்ஷன், பிறந்ததுல இருந்து கக்குவான். பால் குடிச்சாக் கக்குவான், சிரிச்சாக் கக்குவான், காருல ஏத்தினா அவ்வளவுதான். நான் மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். இவ என்ன செய்வா தெரியுமா? ரெண்டு கையையும் ஏந்திருவா. கையில வாங்குவா! துணி கிணி தேட மாட்டா. ச்சீ, இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு கூசுது. அதனாலதான் அவளுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சேன். சுத்தத்துக்காகத்தான், வேற ஒன்னுமில்ல. சொந்தத்துல என்ன பேதம் பாக்கப் போறேன்?

பிள்ளைங்களும் அவகூட ஒட்டிக்கிச்சு. அக்கா அக்கான்னு ஒரே பித்து. தன்யா முதல்ல பேசின வார்த்தையே "அக்கா"தான். அதை நான் பெருசா எடுத்துக்கல. "அம்மா"ங்கிறதைவிட அது சொல்றதுக்கு லேசா இருக்கும் போல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு வருஷம் ஆச்சு, ஒரு சம்பந்தம் வந்துச்சு. ராஜபாளையத்துப் பையன், பஸ் கண்டக்டரு. மதினி சந்தோஷமா போன் பண்ணினாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. "மதினி, கண்டக்டருன்னா ராத்திரி ஒரு ஊரு, பகல் ஒரு ஊரு. எந்த ஊர்ல எவளை வெச்சிருக்கானோ, யாரு கண்டா?"ன்னு சொன்னேன். உண்மையிலயே அந்தப் பையனைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. ஆனா ஜாக்கிரதை வேணுமில்லையா? அதோட, பிள்ளைங்க ரெண்டும் அப்பத்தான் எல்கேஜி சேரப் போகுது. அந்த நேரத்துல இவ கிளம்பிட்டா நான் என்ன பண்றது? அதையும் யோசிக்கணும்ல. மதினி சரின்னு விட்டுட்டாங்க.

அடுத்த வருஷம் சிவகாசியில இருந்து ஒரு இடம். பிரஸ்ல வேலை, சொந்த வீடு. அவங்க அம்மா போன்லயே என்கிட்ட விசாரிச்சாங்க, உங்களை மாதிரியேதான். பொண்ணு எப்படின்னாங்க. நல்ல பொண்ணுதான், ஆனா மழைக்காலத்துல கொஞ்சம் இழுப்பு வரும்னு சொன்னேன். பொய் இல்ல அக்கா. அந்த வருஷம் ஐப்பசியில அவளுக்கு நெஞ்சு சளி கட்டி நாலு நாள் கர்ர்னு இழுத்துக்கிட்டு இருந்தா. தர்ஷனுக்கு வந்த சளி அவளுக்கு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா வந்ததை வந்துச்சுன்னு சொல்லணுமா வேண்டாமா? நாளைக்கு அவங்க, "நீங்க ஏன் மறைச்சீங்க"ன்னு கேட்டா? அதுக்கப்புறம் அவங்க கிட்டயிருந்து போனே வரல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இப்ப உங்ககிட்டயும் சொல்லி வெக்கிறேன், மனசுல வெச்சுக்கங்க. இழுப்பு. என்னது? சிரிக்கிறீங்க. தண்ணி கொண்டாரவா?

வேண்டாமா? சரி.

அந்தப் பேச்சு எப்படியோ சுத்தி வளைச்சு அவ காதுக்குப் போயிருச்சு. தரகர் பொண்டாட்டி மதினிகிட்ட சொல்லி, மதினி இவகிட்ட சொல்லி. அதுக்கப்புறம் ஆளே மாறிட்டா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்னு சொல்ல மாட்டேன். வேலையெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சா. ஆனா என்கிட்ட பேச்சைக் குறைச்சுக்கிட்டா. ரெண்டு வார்த்தையில பதில் சொல்லுவா. போன தை மாசம், நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எதிர்ல வந்து நின்னு, "சித்தி, கல்யாணமெல்லாம் இருக்கட்டும். இத்தனை வருஷத்துக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுத்துருங்க. எது நியாயமோ நீங்களே சொல்லுங்க, நான் ஒன்னும் பேரம் பேசல"ங்கிறா.

அக்கா, சத்தியமாச் சொல்றேன், வாயில இருந்த சோறு இறங்கல. தர்ஷன் கக்கினா எனக்கு எப்படிக் குமட்டுமோ அப்படிக் குமட்டுச்சு. சம்பளமாம்! பெத்த மக மாதிரி வெச்சிருந்தவளைப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது? பிள்ளைங்க மேல வெச்ச பாசத்துக்கு விலை கேக்கிறா. தூ! கருமம். அன்னைக்குப் பூரா எனக்கு ஒரு வாய் காபி இறங்கல.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, குருசாமி, அவரு ஒரு அப்பிராணி. உள்ளதான் இருக்காரு, டிவி பாத்துக்கிட்டு. அவரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "திலகா, அந்தப் பிள்ளை கேக்கிறதுல என்ன தப்பு? எதிர்த்த வீட்டு டீச்சரம்மா வீட்டோட ஆள் வெச்சிருக்காங்கள்ல, அவங்க என்ன குடுக்கிறாங்கன்னு கேட்டு, அதுல பாதியாச்சும் போட்டுக் குடுத்துருவோம்"னாரு. பாதியாச்சுமாம்! பெரிய ஜமீன்தாரு. நான் சொன்னேன், நியாயம்னா ரெண்டு பக்கமும் பாக்கணும். அவ செஞ்சதை மட்டும் பாத்தா எப்படி? நாம செஞ்சது?

சாப்பாடு. மூணு வேளையும் நாங்க சாப்பிடுறதேதான் அவளுக்கும். கறி எடுத்தா அவளுக்கும் உண்டு. தங்க இடம். மதுரையில இந்த ஏரியாவுல லேடீஸ் ஹாஸ்டலுக்கு என்ன வாங்குறான்னு விசாரிச்சுப் பாருங்க, மயக்கம் வரும். அதுலயும் ஏசி ரூம்! பிள்ளைங்க ரூம்லதான படுத்தா, ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல பாயை விரிச்சு. பிள்ளைங்க முழிச்சா தட்டிக் குடுக்கணும்னு நான்தான் அங்க படுக்கச் சொன்னேன். இருந்தாலும் ஏசி ஏசிதானே? தீபாவளிக்குச் சேலை. கொடைக்கானல் கூட்டிட்டுப் போனோம். போட்டிங் போனப்ப பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டு அவளும்தான் போட்ல உக்காந்திருந்தா. அந்த டிக்கெட்டு சும்மாவா வந்துச்சு? எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா, அக்கா, சிரிப்பீங்க, அவதான் எங்களுக்குத் தரவேண்டி வருது!

நான் அதைக் கேக்கவா செஞ்சேன்? போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். என் குணம் அப்படி.

அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, பொறுமையா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். போட் டிக்கெட் வரைக்கும். கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில, "சரி சித்தி. அப்ப நீங்க சொன்னபடியே கல்யாணத்துக்கே பாத்துக்கிடுவோம்"னு எந்திரிச்சுட்டா. நான்கூட எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பாத்தீங்களா, எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா யாரும் பணிஞ்சு வந்துருவாங்கன்னு. மறுநாள் காலையில பாத்தா அதே கட்டைப் பையோட வாசல்ல நிக்கிறா. தன்யா அவ துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிது. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன். போகும்போது தர்ஷனுக்கு எந்தப் பிஸ்கட்டு ஆகாதுன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போறா, எனக்கே! பெத்தவ நானா அவளா?

இப்ப விருதுநகர்ல யாரோ ஒரு டாக்டரம்மா வீட்டுல பிள்ளை பாக்கிறாளாமே? மாசம் பிறந்தா சம்பளமாம், ஞாயித்துக்கிழமை லீவாம். கேக்கவே அசிங்கமா இல்ல? சொந்தச் சித்தி வீட்டுல மகாராணி மாதிரி இருந்தவ, இன்னொருத்தி வீட்டுல சம்பளத்துக்கு நிக்கிறா. குடும்ப மானமே போச்சு.

எங்க நிலைமையைக் கேக்காதீங்க. ஏஜென்சி மூலமா ஒரு அம்மாவைப் பிடிச்சோம். சம்பளத்தைக் கேட்டா நெஞ்சு வலி வரும். குடுத்துத்தான் ஆகணும், வெளியாளு கேப்பா, அது அவ தொழிலு. மணி ஆறு அடிச்சா பையைத் தூக்கித் தோள்ல மாட்டிருவா. தர்ஷன் கக்கினா, "அம்மா, இது என் வேலைல வராது"ங்கிறா. போன வாரம் பையன் சட்டையெல்லாம் கக்கிட்டு நடு ஹால்ல நின்னுக்கிட்டு இருக்கான், அவ இந்தப் பக்கம் நிக்கிறா, நான் அந்தப் பக்கம் நிக்கிறேன். ரெண்டு பேரும் அவனைப் பாத்துக்கிட்டே நிக்கிறோம். அவன் "மாரிக்கா மாரிக்கா"ன்னு அழறான். சே, என்ன பொழப்போ!

அதனால நான் என்ன சொல்ல வர்றேன்னா, அவசரப்படாதீங்க. நான் கெடுத்துப் பேசல. பணத்தாசை பிடிச்ச பொண்ணு, அது ஒன்னு. இழுப்பு, அது ஒன்னு. அம்மா விதவை, கூடப் பிறந்தவங்க யாருமில்ல, நாளைக்கு அந்த அம்மாவும் உங்க வீட்டோடதான் வந்து உக்காரும், அதையும் யோசிச்சுக்கங்க. போன்ல வேற பேசிக்கிட்டே இருப்பா. யார்கூடன்னு எனக்குத் தெரியாது. அவங்க அம்மாகூடத்தான் இருக்கும், ஆனா நான் கண்டேனா?

நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா அவ மனசு உடைஞ்சுபோவா, பாவம். அதுவும் எனக்குத் தெரியுது. அப்படி ஆச்சுன்னா அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. சித்தி வீட்டுக் கதவு திறந்துதான் இருக்குன்னு. பிள்ளைங்க ரூம்ல அந்தப் பாய் அப்படியே சுருட்டி வெச்ச மேனிக்குத்தான் இருக்கு. வந்து இருக்கட்டும். பிள்ளைங்க இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல பெருசாயிரும், அப்புறம் நானே நல்ல இடமாப் பாத்து, சொன்னபடி பத்து பவுனைப் போட்டு அனுப்பி வைக்கிறேன். நான் வாக்கு மாறுறவ இல்ல அக்கா. மதினி முன்னாடி சொன்னேன், பெரிய மாமா முன்னாடி சொன்னேன், இப்ப உங்க முன்னாடியும் சொல்றேன். அவளுக்குக் கல்யாணம்னு ஒன்னு நடக்கட்டும், அன்னைக்கே பத்து பவுன் என் கையால போடலைன்னா என் பேரு திலகவதி இல்ல.

என்ன, பையைத் திறக்கிறீங்க? பழமெல்லாம் எதுக்குன்னு...

இது என்ன தட்டு?

பத்திரிகையா? யாருக்கு? இருங்க, விசாரிக்கத்தான வந்தீங்க? முடிவாயிருச்சா? எப்ப? சித்திரையிலயே நிச்சயம் பண்ணிட்டீங்களா! எங்களுக்கு ஒரு வார்த்தை... ஆமா, பொண்ணு பக்கம் ஆள் இல்லைன்னா நீங்களேதான் ரெண்டு பக்கமும் பத்திரிகை வெக்கணும். அது சரி. இழுப்பு? அந்த டாக்டரம்மாவே பாத்துட்டு ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாங்களா. ஓ. நல்லது. அதுக்குத்தான் சிரிச்சீங்களா.

எங்க பேரும் போட்டிருக்கா? சித்தப்பா சித்தின்னு. மதினி பேருக்குக் கீழயேவா. அவதான் போடச் சொன்னாளா?

என்ன சொல்றீங்க, சரியாக் கேக்கல. நகையைச் சபையில வெச்சு நானே போடணும்னு சொல்லி அனுப்பிச்சாளா? பெரிய மாமா பத்து நாள் முன்னாடியே வந்துடுறாரா. அவருதான் மைக்குல சொல்லுறாரா? "சித்தி வீட்டுச் சீரு பத்து பவுன்"னு. ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சா. ஓஹோ.

இல்லக்கா, மறுக்கல. யாரு மறுத்தா? இப்பத்தான சொன்னேன், நீங்களே கேட்டீங்க. சம்பந்தின்னா கூப்பிட்டீங்க? சரி, கூப்பிடுங்க, இனிமே அதுதான முறை.

ச்சே. எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி பாருங்க. "கல்யாணத்துக்கே பாத்துக்கிடுவோம்"னு சொல்லிட்டுப் போனா, நான் அதைப் பணிஞ்சுட்டான்னு நினைச்சேன். வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத பிள்ளைன்னு நினைச்சேன். நெஞ்சு பூரா விஷம்! சொந்தக்காரங்களைச் சபையில நிக்க வெச்சு வாங்குறதுக்கு எவ்வளவு கல்லு மனசு வேணும்? அருவருப்பா இருக்கு எனக்கு. உங்க மருமகளாச்சே, நான் ஒன்னும் சொல்லக் கூடாது.

இன்னைக்குப் பவுன் விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? காலைல என் கையாலதான் போர்டுல எழுதிட்டு வந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவளைக் கூட்டிட்டு வந்தப்ப என்ன விலை, கண்டக்டரு வந்தப்ப என்ன விலை, சிவகாசிக்காரங்க வந்தப்ப என்ன விலை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு நாளும் நான்தானே அழிச்சு அழிச்சு ஏத்தி எழுதினேன்.

தட்டைக் குடுங்க. வெத்தலை பாக்கு வெச்சதை வாங்காம இருக்கக் கூடாது. தன்யா, கத்தாத! ஆமாடி, மாரிக்காவுக்குத்தான் கல்யாணம். போவோம், போவோம். தம்பியையும் கூட்டிட்டுத்தான் போவோம், நீ உள்ள போ.

ஏங்க, அந்த டிவியை அமத்திட்டு இங்க வாங்க. சம்பந்தி வந்திருக்காங்க, வந்து வாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு அந்தக் கால்குலேட்டரையும் எடுத்துட்டு வாங்க. அன்னைக்கு எதிர்த்த வீட்டு டீச்சர் குடுக்கிறதுல பாதியாச்சும் குடுப்போம்னு சொன்னீங்களே, அது என்ன தொகை வந்துச்சு? ஆறு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க.

சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க, பரவாயில்ல, சம்பந்திக்குத் தெரியாதது ஒன்னுமில்ல.

அவ்வளவுதானா?

சே! பத்து பவுன் விலைக்கு இது பாதிகூட வரல. அந்தச் சம்பளத்தையே குடுத்துத் தொலைச்சிருக்கலாம்.